நிற்கும் வண்டிக்குப் படியளப்பவர் யார்?

சிக்காகோ நகரின் டியர்பார்ன் தெருவில் இருந்த ஒரு கட்டடத்தின் 711ஆம் எண் அறையில், 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் மாலை நால்வர் கூடினர். கூட்டியவர் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர். ஏனைய மூவரில் ஒருவர் நிலக்கரி வணிகர், மற்றொருவர் சுரங்கப் பொறியாளர், இன்னொருவர் தையற்காரர். பெருநகருக்குப் பிழைக்க வந்த தனியர்கள் ஒருவரையொருவர் அறிந்து பழக வேண்டும், தொழிலிலும் ஒருவருக்கொருவர் துணையாக வேண்டும் என்பதற்கு மேல் அவர்களுக்கு அன்று பெரிய நோக்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு முறை ஒருவர் அலுவலகம், மறுமுறை மற்றொருவர் அலுவலகம் எனச் சுழன்று சுழன்று கூடியதால் அக்கூட்டத்திற்கு ரோட்டரி என்று பெயர் வாய்த்தது.

நட்புக்கெனக் கூடியவர்கள் பொதுப் பணிக்கென முதன்முதல் கையிட்டது எதில் என்பதை அறிந்தால் நம் வாசகர்கள் வியப்படைவர். சிக்காகோ நகரில் பொதுக் கழிப்பிடம் அமைக்க வேண்டும் என்று 1907இல் அவர்கள் முனைந்தனர். பள்ளிவாசலுக்கு மினாரா கட்டித் தந்தவர் பெயரைக் கல்லில் பொறித்துவிட்டு, ஹவுளும் கழிப்பிடமும் கட்டித் தந்தவர் பெயரை மறந்துவிடும் நம்மவர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

ரோட்டரியைத் தொடர்ந்து 1915இல் டெட்ராய்ட் நகரில் கிவானிஸ் சங்கமும், 1917இல் மீண்டும் சிக்காகோவிலேயே லயன்ஸ் சங்கமும் தோன்றின. சென்னையில் ரோட்டரி சங்கம் 1929இல் அமைந்தது. இச்சங்கங்களின் உயிர்நாடி வாரக் கூட்டமே. குறித்த நாளில், குறித்த வேளையில், பெரும்பாலும் பகலுணவின்போது கூடுவர். தலைவர் மணியை அடித்தவுடன் பேச்சொலி அடங்கும். வீட்டில் நல்ல செய்தி உள்ளவர் அதனைச் சொல்லி ஒரு டாலர் கொடுப்பார்; தாமதமாய் வந்தவரிடம் வேடிக்கையாக அபராதம் வாங்குவர். பின்னர் ஒரு விருந்தினர் இருபது, இருபத்தைந்து நிமிடம் பேசுவார். மீண்டும் மணி ஒலிக்கும். அவரவர் கடைக்கும் அலுவலகத்திற்கும் திரும்புவர். வாரந்தோறும் கூடியே ஆக வேண்டும் என்னும் விதி ரோட்டரியில் நெடுங்காலம் கட்டாயமாக இருந்து, 2016இல்தான் தளர்த்தப்பட்டது. வாரம் ஒரு முறை ஊர் கூடுவது என்பது நமக்குப் புதிதன்று. ஜும்ஆவை அறிந்த சமூகத்தாருக்கு அதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் சிற்றூர்களில் இத்தகைய வாரக் கூட்டத்திற்கு அடிக்கடி வரும் விருந்தினர்களுள் ஒருவர், அவ்வூர் ஆம்புலன்ஸ் பணியின் தலைவர். அவர் கொண்டு வரும் செய்தி ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை: வண்டி பழையதாகிவிட்டது, ஆட்கள் கிடைப்பதில்லை, வரவு செலவு கட்டி வரவில்லை. உலகின் செல்வ நாடு என நாம் கருதும் நாட்டில், ஆபத்துக்கு அழைத்தால் வர வேண்டிய வண்டி நாளை வருமா என்னும் கவலையைப் பகலுணவு மேசையில் வைத்துப் பேச வேண்டியுள்ளது. இஃது ஏன் என்று ஆராயப் புகுந்தால், அது அமெரிக்காவின் கதையாக மட்டும் நில்லாமல் நம் வரலாற்றையும் நம் ஊர் ஜமாஅத்தின் கணக்குப் புத்தகத்தையும் தொடுகிறது.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆண்டிற்கு 8,760 மணி நேரம். ஆம்புலன்ஸ் எந்த நேரமும் ஆயத்தமாய் இருக்க வேண்டுமெனில், ஓட்டுநர் ஒருவரும் நோயாளியைக் கவனிப்பவர் ஒருவருமாக எந்நேரமும் இருவர் வேண்டும். ஆக 17,520 மணி நேர வேலை. வாரத்திற்கு 40 மணி நேரம் வேலை செய்பவர் விடுமுறையே எடுக்காமல் உழைத்தாலும் ஆண்டிற்கு 2,080 மணி நேரமே தர முடியும். எனவே ஒரே ஒரு வண்டிக்கு எட்டுப் பேருக்கு மேல் தேவை. அவ்வூரில் நாளைக்கு ஓர் அழைப்பு வருகிறது, போய் வர இரண்டு மணி நேரம் ஆகிறது எனக் கொள்வோம். ஆண்டு முழுவதும் அவ்வண்டி ஓடுவது 730 மணி நேரம். எஞ்சிய 8,030 மணி நேரமும் அது நின்றுகொண்டே இருக்கும்.

அந்த 8,030 மணி நேரமும் வீணா? அல்லவே! நெஞ்சு வலி நேரம் சொல்லி வருவதில்லை. நிற்பதுதான் அவ்வண்டியின் பெரும் பணி. ஓடுவது சிறு பணி. ஆனால் உலகத்தார் ஓட்டத்திற்குத்தான் கூலி கொடுப்பர். நிற்பதற்குக் கூலி கொடுப்பார் அரியர். ஆம்புலன்ஸின் நிதி நெருக்கடி அனைத்தும் இந்த ஒரு முடிச்சில் அடங்கிக் கிடக்கிறது.

அமெரிக்காவில் முதியோருக்கென 1965இல் சட்டமாக்கப்பட்ட மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு, நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றால்தான் பொதுவாக ஆம்புலன்ஸுக்குப் பணம் தரும். வீட்டிற்குச் சென்று, மூச்சுத் திணறியவரைத் தேற்றி, அவர் மருத்துவமனைக்கு வரவில்லை என்று கூறிவிட்டால், பெரும்பாலும் போன செலவு போனதுதான். காவற்படையும் தீயணைப்பும் ஊருக்கு இன்றியமையாதவை என்பதில் அங்கு எவருக்கும் ஐயமில்லை. ஆம்புலன்ஸை அவ்வாறு கட்டாயப் பணியாகச் சட்டத்தில் எழுதி வைக்காத மாநிலங்களோ பல. ஆகவே சிற்றூர்களில் வரியை உயர்த்தலாமா என்று வாக்கெடுப்பு நடத்துவர். அதில் தோற்றால் காலை உணவு சமைத்து விற்பர். குலுக்குச் சீட்டு நடத்துவர். சங்கங்களின் வாரக் கூட்டத்திற்கு வந்து பேசுவர்.

சங்கத்தாரும் கல்நெஞ்சர் அல்லர். பணம் திரட்டி வண்டி வாங்கித் தருவர். உயிர் காக்கும் கருவி வாங்கித் தருவர். சாவியை ஒப்படைக்கும் படம் உள்ளூர் இதழில் வெளிவரும். வண்டியின் பக்கவாட்டில் சங்கத்தின் சின்னம் இருக்கும். குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அந்த வண்டியில் ஏறி உயிர் பிழைத்தவனுக்குச் சின்னம் உறுத்தாது. ஆயினும் மார்ச் மாதச் சம்பளத்திற்குச் சின்னம் பொறிக்க இடமில்லை. நள்ளிரவில் விழித்திருந்தவனின் தேநீருக்குத் திறப்பு விழா நடத்த முடியாது. கொடைக்கும் தேவைக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளி மனித இயல்பில் வேரூன்றியது. அது நம்மிடமும் உண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதற்கு அந்நாட்டின் வரலாற்றிலேயே விடை உண்டு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்கச் சிற்றூர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் பெரும்பாலும் யார் தெரியுமா? சவ அடக்கம் செய்யும் நிறுவனத்தார்! ஊரில் ஒருவர் நீட்டிப் படுத்துச் செல்லத்தக்க வண்டி அவர்களிடம் மட்டுமே இருந்தது, காரணம் அவ்வளவே. அந்நாட்டு அறிவியற் கழகத்தின் ஆராய்ச்சிக் குழு 1966இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் பணியில் ஏறத்தாழப் பாதியை இத்தகைய 12,000 பேர் நடத்தி வந்ததாகக் கணக்கிட்டது. காலையில் மையித்து ஏற்றிய வண்டியில் மாலையில் விபத்தில் அடிபட்டவர் ஏறுவார். நோயாளி பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் வண்டிக்காரருக்கு நட்டமில்லை என அந்நாளில் கேலி பேசியவர்களும் இருந்திருப்பர். ஆனால் நம் கணக்கை இங்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். அவ்வண்டி நிற்கும் நேரத்திற்கான செலவைச் சவ அடக்கத் தொழிலின் வருமானம் ஏற்றுக்கொண்டது. அதாவது, இறந்தவர்கள் உயிரோடிருப்பவர்களின் வண்டிக்குப் படியளந்தனர்.

இதற்கு மாறாகத் தொண்டர்கள் தாமே திரண்ட ஊர்களும் உண்டு. வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரில் ஆற்றில் படகு கவிழ்ந்து இருவர் மூழ்கி இறந்ததைக் கரையில் நின்று கண்டான் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன். ஜூலியன் ஸ்டான்லி வைஸ் என்னும் அச்சிறுவன் வளர்ந்து, 1928இல் நண்பர்களைச் சேர்த்து ஊதியமில்லா மீட்புக் குழு ஒன்றை அமைத்தான். அதைப் பார்த்து நாடெங்கும் அத்தகைய குழுக்கள் எழுந்தன. அவர்கள் தம் நேரத்தையே கொடையாக அளித்தனர். ஆலையும் கடையும் ஊருக்குள்ளேயே இருந்த காலத்தில் அது நடந்தது. சங்கு ஒலித்தால் முதலாளியே தொழிலாளியைப் போய் வா என்று அனுப்பினார். வேலை தேடி ஐம்பது மைல் செல்லும் காலம் வந்தபின் பகல் வேளையில் வண்டி இருந்தது. ஏறுவதற்கு ஆள் இல்லை.

1966ஆம் ஆண்டு அறிக்கை அந்நாட்டை உலுக்கியது. முந்திய ஓராண்டில் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் மாண்டதை அது எடுத்துக் காட்டியது. நகரத் தெருவில் அடிபட்டவனைவிடப் போர்க்களத்தில் அடிபட்ட போர்வீரனுக்குப் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்று, போர்முனையிலிருந்து திரும்பிய வல்லுநர்களின் கருத்தை அது பதிவு செய்தது. அவ்வாண்டே நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. வண்டிக்கும் ஆளுக்கும் தகுதி விதிகள் வந்தன. விதிகள் வர வர, சவ அடக்க நிறுவனத்தார் ஒவ்வொருவராக விலகிக்கொண்டனர். அவர்கள் விட்டுச் சென்ற இடத்தில் யார் நிற்பது, அதற்கு யார் கொடுப்பது என்னும் வினா ஊர்தோறும் எழுந்தது.

இவ்வினாவிற்கு மிக உயர்ந்த விடையையும், மிகக் கசப்பான முடிவையும் ஒருங்கே கண்ட நகரம் பிட்ஸ்பர்க். அதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பென்சில்வேனியா மாநிலத்தின் எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கில் அந்நாளில் நோயாளிகளைச் சுமந்து சென்றது காவற்படையின் கைதி வண்டி. பின்புறம் ஒரு தூக்குப் படுக்கை. அருகில் துணையாக எவரும் அமர்வதில்லை. 1966 நவம்பரில் அம்மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் தேர்தல் கூட்டமொன்றில் பேசும்போது மயங்கி விழுந்தார். அவர் விழுந்த அரங்கின் பெயர் ‘சிரியா மாஸ்க்’ என்பதாகும். பெயரைக் கண்டு நம்மவர் பள்ளிவாசல் என்று எண்ணிவிட வேண்டாம். ஷ்ரைனர்ஸ் என்னும் கிறிஸ்தவ நாட்டுச் சகோதர சங்கம் ஒன்று கீழை நாட்டு அழகில் மயங்கித் தன் கூத்தரங்கிற்கு இட்டுக்கொண்ட பெயர் அது. லாரன்ஸும் அந்தக் கைதி வண்டியில்தான் கொண்டு செல்லப்பட்டார். நினைவு திரும்பாமலே அம்மாதம் காலமானார். ஆளுநராய் இருந்தவருக்கே அந்த வண்டிதான் என்றால் சாமானியர் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆண்டில் அந்நகரில் இன்னொரு மரணமும் நிகழ்ந்தது. பீட்டர் சஃபார் என்னும் மருத்துவர், மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையை ஆராய்ந்து உலகிற்கு அளித்தவர். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். உலகத்தாருக்கு மூச்சு மீட்கக் கற்பித்தவரின் இளம் மகள் மூச்சிரைப்பு நோயால் 1966இல் மரணமடைந்தாள். அத்துயரத்திற்குப் பின், மருத்துவமனைக்கு வெளியே முதல் நிமிடங்களில் நடக்க வேண்டிய சிகிச்சையில் அவர் தம்மை முழுமையாக ஈடுபடுத்திக்கொண்டார்.

பிட்ஸ்பர்க்கின் ஹில் என்னும் பகுதியில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்தனர். அப்பகுதியிலிருந்து அழைத்தால் காவல் வண்டி தாமதமாய் வரும். சில வேளை வராமலே போகும். அங்கே காய்கறி வண்டி ஓட்டி மலிவாக விற்று வந்த ஃப்ரீடம் ஹவுஸ் என்னும் மக்கள் அமைப்பும், மருத்துவ அறக்கட்டளை ஒன்றின் தலைவரான ஃபில் ஹாலனும், சஃபாரும் 1967இல் கைகோத்தனர். வேலையில்லாதவர், படிப்பைப் பாதியில் விட்டவர், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர் என நகரம் ஒதுக்கி வைத்திருந்த கறுப்பின இளைஞரைத் தேர்ந்து ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி தந்தனர். ஏனைய ஊர்களில் முதலுதவி வகுப்பு ஒன்றுகூட இல்லாமல் வண்டி ஏறிய காலம் அது. முதல் ஆண்டிலேயே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அழைப்புகளுக்கு அவர்கள் ஓடினர். அமெரிக்காவில் இன்றைய பயிற்சி பெற்ற அவசர மருத்துவப் பணியாளர் என்னும் வகுப்பாருக்கு முன்னோடிகள் இவர்களே. பின்னர் 1974இல் இவர்களுக்கு மருத்துவ இயக்குநராய் அமைந்த நான்சி கேரலின் எழுதிய பாடத்திட்டம் நாடு முழுமைக்கும் பாடமாயிற்று.

இத்தனை இருந்தும் அவர்களுக்குப் படியளக்க ஆளில்லை. அறக்கட்டளையின் பணம் தொடங்குவதற்கு உதவியது. தொடர்வதற்கு நகரசபையின் பணம் வேண்டியிருந்தது. நகரசபையோ ஒப்பந்தத் தொகையைக் காலம் தாழ்த்தியும் குறைத்தும் தந்தது. செல்வர் வாழும் பகுதிகள், எங்களுக்குக் கைதி வண்டி, ஏழைகளுக்குக் கைதேர்ந்த மருத்துவப் பணியா என்று கேட்கத் தொடங்கின. அக்கேள்விக்கு விடையாக அவ்வண்டிகளை நகரம் முழுவதற்கும் விரித்திருக்கலாம். நகரசபை செய்தது வேறு. 1975இல் தானே புதிய பணி ஒன்றைத் தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸ் வண்டிகளை நிறுத்திவிட்டது. பழையவர்கள் புதிய பணியில் சேர்க்கப்பட்டனர். ஆனால் தேர்வு என்றும் தகுதி என்றும் சொல்லிப் பலரை விலக்கினர். நாட்டிற்கே பாடமான முறையை நடத்திக் காட்டியவர்கள் தேர்வில் தேறவில்லையாம்! இனவெறி இங்கே கணக்கர் உடை உடுத்து வந்தது என்றே நாம் கருதுகிறோம். பணம் தருபவர் ஆண்டுதோறும் மனம் மாறலாம் என்னும் நிலையில் நிற்கும் எந்த அறப்பணிக்கும் இந்த ஆபத்து உண்டு.

நடுவண் அரசு 1973இல் அவசர மருத்துவப் பணிக்கெனத் தனிச் சட்டம் இயற்றி நிதி வழங்கிற்று. 1981இல் அந்நிதியை மாநிலங்களுக்கான பொதுத் தொகையோடு கலந்துவிட்டது. கலந்த பணம் எங்கெங்கோ போயிற்று. சிற்றூர் வண்டிக்காரர் மீண்டும் பகலுணவு மேசைக்கு வந்தார்.

இங்கே நம் பழைய வரலாற்றின் பக்கம் திரும்புவோம். பெருமை பேசுவதற்கன்று; நிற்பதற்கு யார் படியளப்பது என்னும் வினாவிற்கு நம் முன்னோர் கண்ட விடை தனித்தன்மை உடையது என்பதற்காகவே திரும்புகிறோம்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குக் கையில் அம்பு தைத்தது. அருகிலிருந்து நலம் விசாரிக்க வசதியாக, அவர்களைப் பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரத்தில் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்து வந்த ருஃபைதா (ரலி) என்னும் அம்மையாரின் கூடாரம் அது. பள்ளிவாசலின் வளாகத்தில் நோயாளிக்கு இடமுண்டு என்பதற்கு இதைவிட மூத்த சான்று நமக்கு வேண்டியதில்லை.

அப்பாசிய கலீஃபா முக்ததிரின் காலத்தில், அமைச்சர் அலீ இப்னு ஈஸா தலைமை மருத்துவர் ஸினான் இப்னு தாபித்திற்கு எழுதிய கட்டளைகளைப் பழைய வரலாற்றாசிரியர்கள் பதிந்து வைத்துள்ளனர். சிறைப்பட்டோரை மருத்துவர் நாள்தோறும் சென்று காண வேண்டும். மருத்துவர் இல்லாத இராக்கின் கிராமங்களுக்கு மருந்துக் கிடங்கோடு மருத்துவர்கள் சுற்றி வர வேண்டும் என்பன அவை. சல்ஜூக்கியர் படையோடு சென்ற மருத்துவமனையை நாற்பது ஒட்டகங்கள் சுமந்தன என்றும் எழுதுவர். வண்டி என்னும் கருத்து நமக்குப் பழையது. ஆனால் நாம் சொல்ல வந்தது ஒட்டகத்தைப் பற்றியன்று; ஒட்டகத்தின் தீனியைப் பற்றி.

கலாவூன் என்பவர் மம்லூக் தளபதியாய் இருந்தபோது டமாஸ்கஸில் கடும் வயிற்றுவலிக்கு ஆளானார். சுல்தான் நூருத்தீன் 1154இல் அங்கு நிறுவிய மருத்துவமனையிலிருந்து வந்த மருந்தால் குணமடைந்தார். தாம் ஆட்சிக்கு வந்தால் இத்தகைய மருத்துவமனை ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். 1279இல் எகிப்தின் சுல்தானாகி, 1284இல் கெய்ரோவில் அதனைத் தொடங்கினார். ஆண், பெண், செல்வர், வறியர், உள்ளூரார், வெளியூரார் என்னும் வேறுபாடின்றி எவரும் வரலாம். கட்டடத்தின் அழகை எல்லாரும் எழுதியுள்ளனர். நம் கருத்தைக் கவர்வது அதன் வக்புப் பத்திரம். கடைகள், குளிப்பகங்கள், தங்கு விடுதிகள் முதலியவற்றின் வாடகை வருமானம் மருத்துவமனையின் பேரில் எழுதி வைக்கப்பட்டது. மருத்துவருக்கும் பணியாளருக்கும் ஊதியம், நோயாளிக்கு உணவு, மருந்து, படுக்கை, வெயிற்காலத்தில் விசிறி வரை அதிலிருந்து வந்தன. நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் மருத்துவர் இருப்பார். அவருக்குரிய படி வந்துகொண்டிருக்கும்.

வக்பு என்னும் சொல்லுக்கே நிறுத்தி வைத்தல் என்பது பொருள். முதலை நிறுத்தி வைத்து, அதன் பலனை ஓடவிடுவது. வண்டி நிற்க வேண்டுமாயின் பணமும் ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்பதை நம் முன்னோர் கண்டுகொண்டனர். ஸதக்கத்துல் ஜாரியா என்று நாம் ஓதிக் கேட்கும் ஓடும் தருமம், நின்ற முதலிலிருந்துதான் ஓடுகிறது.

ஆனால் உண்மையை மறைத்தலாகாது. வக்புகளைத் தின்றவர்களும் நம்மவர்களே. வாடகையை உயர்த்தாமல் உறவினருக்கே கடையை விட்ட முத்தவல்லிகளும், நல்ல சொத்தைக் கொடுத்துச் சொத்தைச் சொத்தை வாங்கிய மாற்றங்களும், தேவைப்பட்டபோது கைவைத்த ஆட்சியாளர்களும் எல்லா நூற்றாண்டிலும் உண்டு. சிக்காகோக்காரர் வண்டியை வாங்கிவிட்டுச் சம்பளத்தை மறந்தார் என்றால், நாம் சம்பளத்திற்கு வழி செய்துவிட்டு அவ்வழியைக் காக்க மறந்தோம். கலாவூனின் மருத்துவமனை இருந்த வளாகத்தில் இன்றும் ஒரு கண் மருத்துவமனை நடைபெறுகிறது என்பது ஓரளவு ஆறுதல்.

எதையும் நிறுத்தி வைக்காமல், அன்றாடம் கையேந்தியே உலகின் பெரும் ஆம்புலன்ஸ் படையை எழுப்பிக் காட்டிய ஒருவரும் நம் காலத்தில் வாழ்ந்தார். குஜராத்தின் பாண்ட்வா ஊரில் மேமன் குடும்பத்தில் 1928இல் பிறந்த அப்துல் ஸத்தார் ஈதி, 1947இல் கராச்சிக்குக் குடிபெயர்ந்தார். பாரிச வாயுவால் படுத்த தாயைச் சிறு வயதிலிருந்தே கவனித்து வந்தவர். மேமன்கள் நடத்திய மருந்தகமொன்றில் தொண்டராய்ச் சேர்ந்தார். மேமன்களுக்கு மட்டுமே மருந்து என்பதை அவரால் ஏற்க இயலவில்லை, வாய்விட்டுச் சொன்னார், வெளியேற நேர்ந்தது. 1951இல் மிட்டாதர் பகுதியில் சிறு கடை ஒன்றை வாங்கித் தாமே மருந்தகம் வைத்தார். 1957இல் கராச்சியில் காய்ச்சல் கொள்ளை நோயாய்ப் பரவியபோது கூடாரங்கள் அடித்துச் சிகிச்சை அளித்தார். அப்பணியைக் கண்ட வணிகர் ஒருவர் 20,000 ரூபாய் தந்தார். அதிலிருந்து ஒரு பழைய வேன் வாங்கி, ஏழையின் வண்டி என்று அதன்மீது எழுதித் தாமே ஓட்டினார். அதே வண்டியில் நோயாளியும் ஏறினார். எவரும் கேட்பாரற்ற மையித்தும் ஏறியது. அமெரிக்கச் சவ வண்டியின் கதை இங்கே தலைகீழாய்த் திரும்பியது எனலாம். அங்கே இறந்தவர் வண்டியில் உயிருள்ளவர் ஏறினர்; இங்கே உயிருள்ளவர் வண்டி இறந்தவரையும் கைவிடவில்லை.

அரசு மானியத்தை ஈதி ஏற்கவில்லை. தெருவில் துணி விரித்து அமர்ந்து சில்லறைக் காசு வாங்கினார். ஜக்காத்தும், ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானித் தோலும் அவருக்கு வந்தன. ஒரு வண்டி ஆயிரத்தைத் தாண்டியது. கின்னஸ் நூலில் அவ்வமைப்பு இடம் பெற்றது. 2016 ஜூலை 8ஆம் நாள் அவர் மறைந்தபோது இரண்டு செட் உடைகளுக்கு மேல் அவரிடம் இல்லை என்பர். அவர் மனிதர் அல்லர், மகான் என்று கூறிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியும். ஆனால் ஒன்றை எண்ண வேண்டும்: ஈதியின் வண்டிகளுக்கு வக்பாய் நின்றது அவர் ஒருவரின் நாணயமே. கட்டடமும் கடையும் எழுதி வைத்தவர் இறந்தாலும் வாடகை வரும். நாணயத்தை எழுதி வைக்க எந்தப் பத்திரப் பதிவு அலுவலகமும் இல்லை.

நம் நாட்டில் 2005 ஆகஸ்டு 15ஆம் நாள் ஐதராபாத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் பணியும் இத்தகைய சோதனையைக் கண்டதே. அதனைத் தோற்றுவித்த தொழிலதிபர் தம் நிறுவனத்தின் கணக்கில் பொய் எழுதியதை 2009 ஜனவரியில் ஒப்புக்கொண்டபோது, ஆம்புலன்ஸ் என்னாகுமோ என்று பல மாநிலங்கள் கவலையுற்றன. அதற்குச் சில திங்கள் முன்னர்தான், 2008 செப்டம்பரில், தமிழகத்தில் அப்பணி தொடங்கியிருந்தது. செலவின் பெரும்பகுதியை மாநில அரசுகள் ஏற்றிருந்தமையாலும், வேறொரு தொழிற்குழுமம் பொறுப்பேற்றமையாலும் வண்டிகள் நிற்கவில்லை. நிற்கும் நேரத்திற்கும் சேர்த்து அரசு கொடுக்கும் முறை இது. நம் ஊர்களில் இன்று உயிர் பிழைத்து நடமாடுவோர் பலர் இந்த மூன்று இலக்கத்திற்குக் கடன்பட்டவர்கள்.

இதற்கு அப்பாலும் முஸ்லிம் அமைப்புகள் பலவும், ஊர் ஜமாஅத்துகள் பலவும் தமிழகமெங்கும் சொந்தமாக ஆம்புலன்ஸ் ஓட்டி வருகின்றன. சாதி மதம் பாராமல் ஓடும் வண்டிகள் அவை. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள ஊர்க்காரர்கள் பணம் திரட்டி வண்டி வாங்கி அனுப்புவர். பள்ளிவாசல் முற்றத்தில் துஆ ஓதிச் சாவி கொடுப்பர். அன்று எடுத்த படத்தில் ஊரே இருக்கும். பிறகு டீசலுக்கும், காப்பீட்டிற்கும், டயருக்கும், ஓட்டுநர் சம்பளத்திற்கும் மாதந்தோறும் யாரிடம் கேட்பது என்னும் பேச்சு ஜும்ஆவுக்குப் பின் எழும். குர்பானித் தோலை நம்பிக் கணக்குப் போட்டவர்கள், அண்மை ஆண்டுகளில் தோல் விலை விழுந்த விழுச்சியில் கணக்கை மடித்து வைத்துவிட்டனர். இமாமுக்கும் மோதினாருக்கும் சம்பளம் தர நம் பெரியவர்கள் கடையும் தோப்பும் வயலும் எழுதி வைத்தனர். விளக்கெண்ணெய்க்கென்றே தனியாக எழுதி வைத்தவர்களும் உண்டு. ஓட்டுநரின் பேரில் ஒரு கடையையாவது எழுதி வைத்த ஜமாஅத் எங்கேனும் இருப்பின், அதன் பத்திரத்தைப் படித்துப் பார்க்க நமக்கு ஆவல்.

பள்ளிவாசலின் ஓர் ஓரத்தில் சந்தூக் இருக்கும். ஆண்டில் எத்தனை நாள் அது சும்மா இருந்தது என்று எந்தப் பொதுக் கூட்டத்திலும் எவரும் கேட்டதில்லை. சும்மா இருந்த நாளெல்லாம் நல்ல நாள் என்பதை ஊர் அறியும். இப்போது பல ஊர்களில் அதற்கு நான்கடி தள்ளி, தகரக் கொட்டகையின் கீழ், வெள்ளை வண்டி ஒன்றும் நிற்கிறது. சந்தூக்கிற்கு டீசல் வேண்டியதில்லை. அதனைச் சுமக்கும் தோள்களுக்குச் சம்பளமும் இல்லை. வெள்ளை வண்டியின் ஓட்டுநர் மட்டும் மாதத்தின் முதல் வாரத்தில் செயலாளரின் வீட்டுப் பக்கம் ஒரு முறை வந்து போகிறார்.